மூன்றாவது சீட்டு

“ஹலோ... ஹலோ... யாரு? அக்காவா?... ஆமா ஆமா, நான்தான்... குரலா? தொண்டை கட்டியிருக்கு, வேற ஒண்ணுமில்லை... அட சும்மா இருக்கா, எனக்கு ஒண்ணும் இல்லை... என்ன, கடுதாசி வந்துடுச்சா?”

கடைசிக் கேள்வி வாயை விட்டுப் போன பிறகுதான் தம்பிக்காரருக்கு உறைத்தது. கடுதாசி என்று அக்கா இன்னும் சொல்லவே இல்லை. இவரே முந்திக்கொண்டு கேட்டாயிற்று.

“இல்லை... அதாவது... ஏதோ கடுதாசி போகுதுன்னு இங்கே பேச்சு அடிபட்டுச்சு, அதான்... யாருக்குப் போகுதுன்னு எனக்கெப்படித் தெரியும்?... இரு, அழாதேக்கா... அழலையா? சரி, அழலை... திட்டறியா? சரி, திட்டு.”

அந்த அகராதி அலுவலகத்தில் பதினோரு பேர் வேலை பார்த்தார்கள். போன் ஒன்றே ஒன்று. அது கூடத்துக்கு நட்டநடுவில், டைப்பிஸ்ட் அம்மாவின் மேஜைமேல் இருந்தது. வயரோ குட்டை. பேசுகிறவர் பாதி குனிந்து பாதி நிமிர்ந்து, முதுகுப் பிடிப்பு வந்தவர்போல நின்றுதான் பேச வேண்டும். ஆங்கில வார்த்தைக்குத் தமிழில் அர்த்தம் தேடுகிற இடம் ஆனதால் கூடத்தில் பேச்சுமூச்சு இருக்காது. யாருக்குப் போன் வந்தாலும் மற்றப் பத்துப் பேருக்கும் கதையில் பாதி இலவசமாகக் கிடைத்துவிடும். மீதியை அவரவர் சாமர்த்தியப்படி ஊகித்துக்கொள்வார்கள். பிழை திருத்துகிற ‘காற்புள்ளி’ இதில் கெட்டிக்காரர். நான்கு வார்த்தைக்கு ஒருதரம் நிறுத்திப் பேசுவதால் அவருக்கு அந்தப் பெயர். டைப்பிஸ்ட் அம்மாவின் மகளுக்கு இரட்டைக் குழந்தை என்பதை, அந்த அம்மா போனில் “ரெண்டுமா?” என்று கேட்ட ஒரே வார்த்தையை வைத்துக் கண்டுபிடித்த ஆள்.

தம்பிக்காரருக்கும் பட்டப்பெயர் உண்டு. ‘அடைப்புக்குறி’. எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் நடுவில் வேறொன்றுக்குள் நுழைந்து, அதை முடித்துக்கொண்டுதான் திரும்பி வருவார். இன்றைக்கு அந்தப் பழக்கம் நன்றாகவே கைகொடுக்கும் என்று அவர் நம்பியிருந்தார்.

“படி... மெதுவாப் படி, கேக்கறேன்... ம்... ம்... ‘இதுவரை தாங்கள் அனுப்பிய’... ம்... எல்லாத்தையும் தள்ளிட்டாங்களா?... பதிமூணு வருஷத்துதுமா?... ஐயோ... இல்லைக்கா, எனக்குத் தெரியாது, சத்தியமா...”

சத்தியமா என்றவர் அதோடு நிறுத்திக்கொண்டார். பொய் பழகிவிட்டது. அதில் சத்தியத்தையும் சேர்த்துக் கலக்க நாக்கு வரவில்லை.

அவர் நின்ற இடத்திலிருந்து வாசல் நடை தெரிந்தது. குடை மாட்டுகிற ஆணிகளுக்குக் கீழே முப்பத்தொரு அட்டைப்பெட்டிகள், சணல் கயிறு கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக. அத்தனையும் அக்காவுடைய சீட்டுகள். நேற்றுவரை அலமாரியில் மேல் தட்டில் மரியாதையாக இருந்தவை. இன்று காலையில் யாரோ தன் நனைந்த செருப்பை அதில் ஒரு பெட்டியின்மேல் கழற்றி வைத்திருந்தார்கள். வந்ததும் வராததுமாக அதை எடுத்துக் கீழே போட்டவர் தம்பிக்காரர்தான். அன்று அவர் செய்த ஒரே யோக்கியமான காரியம் அது.

சீட்டு என்றால் பெரிய சங்கதி இல்லை. உள்ளங்கை அகலத் தாள். ஒரு புத்தகத்தைப் படிக்கும்போது ஒரு வார்த்தை புது அர்த்தத்தில் வந்தால், அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி, புத்தகத்தின் பெயர், பக்க எண், கீழே எழுதினவரின் குறி. அவ்வளவுதான். ஆனால் அந்த அலுவலகத்தில் ஒரு சட்டம் இருந்தது. மூன்று வெவ்வேறு புத்தகத்திலிருந்து மூன்று சீட்டு இருந்தால்தான் ஓர் அர்த்தம் அகராதிக்குள் நுழையலாம். இரண்டு இருந்தால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். அர்த்தம் எழுதுகிற ஆசிரியர் தானே சீட்டு எழுதக் கூடாது என்பது இன்னொரு சட்டம். அதற்கென்று வெளியே வீட்டிலும் கடையிலும் உட்கார்ந்து படிக்கிற ஆட்கள் இருந்தார்கள்.

அக்கா சலவைக் கடையில் கவுண்டரில் உட்காருகிறவள். எடை போட்டு விற்கிற பழைய ஆங்கிலப் புத்தகங்களை வாங்கி, சட்டைக்கும் வேட்டிக்கும் நடுவில் படித்து, துணிக்குக் குத்துகிற துண்டுச் சீட்டை அடையாளமாகச் செருகி வைப்பாள். கல்லூரி வாசல் மிதித்ததில்லை. பதிமூன்று வருடத்தில் ஒன்பதாயிரம் சீட்டு. பெட்டியைத் திறந்தால் சோப்பு வாசனை அடிக்கும். ஒரு பக்க எண்கூடப் பிசகியதில்லை. அகராதியின் முதல் தொகுதியில் நன்றிப் பட்டியலில் அவள் பெயர் நான்காவதாக இருந்தது. அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டியிருந்தாள். இரண்டாம் தொகுதி அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. அதில் அந்தப் பெயர் இருக்காது.

“எந்தச் சீட்டுன்னு போட்டிருக்கா?... நகல் வெச்சிருக்காங்களா?... ஓ... ஓகோ... என்ன வார்த்தை?... ஆமா, பே. பி, ஏ, ஒய். மூணே எழுத்து... என்னது அதுவா? அது பெரிய கதைக்கா! கேளேன். கடல் உள்ளே வளைஞ்சு வரும் பாரு, அந்த வளைகுடாவுக்குப் பே. அது ஸ்பெயின்லேர்ந்து பிரான்ஸ் வழியா வந்த வார்த்தை. சமையல்ல போடற வாசனை இலை இருக்கே, அந்த மரத்துக்கும் பே. இதுக்கும் கடலுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது! இது லத்தீன்ல பழத்துக்கு இருந்த வார்த்தை... இல்லைக்கா, கேளு... வீட்டுல ஜன்னல் வெளியே துருத்திக்கிட்டு இருக்கும்ல, அந்த இடத்துக்கும் பே. அது வாயைப் பொளக்கறதுன்னு அர்த்தம் வர்ற பழைய பிரெஞ்சு... கேக்கறியா?”

கூடத்தில் இரண்டு பேர் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். அந்த வார்த்தைக்கு அர்த்தம் எழுதுகிற ஆசிரியர் தம்பிக்காரர்; இந்தக் கதையைப் பதினோரு மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவர்தான். ஆனால் அழுகிற அக்காவிடம் சொல்கிறாரே என்பது புதிது.

“செம்பழுப்புக் குதிரைக்கும் பே. அது இன்னொரு லத்தீன். வேட்டை நாய் ஊளையிட்டுக் குரைக்கிறதுக்கும் பே. அது அந்தச் சத்தத்துலேர்ந்தே வந்தது. அஞ்சு வார்த்தைக்கா! அஞ்சு ஊர்லேர்ந்து நடந்து வந்து, ஒரே சட்டையைப் போட்டுக்கிட்டு வரிசையா நிக்குது. பாக்கறவன் ஒரே ஆளுன்னு நினைப்பான். நான்தான் ஒவ்வொண்ணையும்... என்ன?... சரி... சரி, நிறுத்திட்டேன்... ஆமா, உனக்கு வார்த்தை வேண்டாம், ஆளு வேணும். புரியுது.”

புரியாமல் என்ன? ஆள் யாரென்று அவரைத் தவிர யாருக்குத் தெரியும்?

ஐந்தோடு விட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. அவருக்கு ஆறாவது ஒன்று கிடைத்துத் தொலைத்தது. தண்ணீரைத் தேக்கி நிறுத்துகிற சிறு கரைக்கும் பே என்று ஒரு பழைய வழக்கு. எங்கிருந்து வந்தது என்றே சரியாகத் தெரியாத ஓர் அநாதை. அதற்கு இரண்டு சீட்டு இருந்தது. மூன்றாவது இல்லை. போட்டிக்கு இன்னொரு நிறுவனம் போட்ட அகராதியில் ஐந்துதான் இருந்தது. தன்னுடையதில் ஆறு இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அச்சுப்படிவம் முடிகிற தேதி நெருங்கியது. ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியான வேளையில், எல்லோரும் சாப்பிடப் போன நேரம், மூன்றாவது சீட்டை அவரே எழுதினார். அக்காவின் எழுத்தில் எழுதினார். வட்டத்துக்குள் ஒரு புள்ளி, அது அவளுடைய குறி. அதையும் போட்டார். வேறு யார் குறியைப் போட்டாலும் புரட்டிப் பார்ப்பார்கள். அக்காவின் சீட்டை எவரும் சரிபார்ப்பதில்லை. அந்த நம்பிக்கையைத்தான் தம்பிக்காரர் களவாடினார்.

“எழுத்து உன்னுது மாதிரியே இருக்கா?... ம்... அச்சு அசலாவா?... ம்... புத்தகம் உங்கிட்ட இல்லவே இல்லையா?... பார்த்ததே இல்லையா?... சரி... பக்கம் எவ்வளவு போட்டிருக்கு?... இருநூத்திப் பன்னெண்டு... ம்... புத்தகமே நூத்தித் தொண்ணூத்தாறுதானாமா... ம்...”

தோட்டம் போடுவது பற்றி எவரோ எழுதின ஒரு பழைய புத்தகம். நூலகத்திலேயே கிடைக்காது என்று அதைத் தேர்ந்தெடுத்திருந்தார். கிடைத்துவிட்டது. அகராதிக்குத் தலைமைப் பதிப்பாசிரியையான மேடம் வீட்டிலேயே ஒரு பிரதி இருந்தது. எதையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற பெண்மணி. வெறும் ஆசையில் அந்த வாக்கியத்தை முழுப் பத்தியோடு படிக்கலாமே என்று புரட்டியிருக்கிறார். புத்தகம் முடிந்த பிறகும் பதினாறு பக்கம் தள்ளி ஒரு வாக்கியம் இருந்ததாகச் சீட்டு சொன்னது.

போன வாரம் மேடம் தம்பிக்காரரைத்தான் முதலில் கூப்பிட்டுக் கேட்டார், உங்க அக்கா இப்படிச் செய்வாங்கன்னு நீங்க நினைச்சதுண்டா என்று. தம்பிக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எனக்கே அதிர்ச்சியா இருக்கு மேடம் என்றார். மேடம் ஆறுதலாக ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். அதையும் வாங்கிக் குடித்தார்.

“இல்லைக்கா, நீ இங்கே வராதே... வேண்டாம்... கடையை யாரு பாத்துப்பா?... பூட்டிட்டு வர்றியா? அதெல்லாம் வேண்டாம்... வந்தா அவங்களைப் பாக்க முடியாது, ரொம்ப... ஆமாங்க சார், அந்தப் படிவம் நாளைக்குள்ள வந்துடணும் சார். எட்டாவது பக்கத்துல மார்ஜின் சரியா இல்லை. ஆமா சார். ரொம்ப நன்றி சார்.”

கண்ணாடித் தடுப்புக்குள்ளிருந்து மேடம் வெளியே வந்து, அலமாரியில் எதையோ எடுத்துக்கொண்டு, திரும்ப உள்ளே போனார். தம்பிக்காரரின் குரல் அதுவரை அச்சாபீசோடு பேசிக்கொண்டிருந்தது.

“உன்னைச் சொல்லலைக்கா... சார்னா... இங்கே ஒருத்தர் குறுக்க வந்தாங்க... ஆமா, அவங்கதான்... இல்லை இல்லை, பயம் என்ன பயம்? நான் அவங்ககிட்ட பேசறேன்... பேசறேன்னு சொல்றேன்ல... இப்பவேயா?... இப்ப வேலையா இருக்காங்க... போனை அவங்ககிட்ட குடுக்கறதா? வயரு எட்டாதுக்கா... சத்தியமா எட்டாது, வேணும்னா டைப்பிஸ்ட் அம்மாவைக் கேளு.”

இந்தத் தடவை சத்தியம் சரளமாக வந்தது, வயர் உண்மையிலேயே குட்டை என்பதால்.

“ஆமா ஆமா... நான் எழுதறேன்... உனக்காக மனு மாதிரி ஒண்ணு எழுதிக் குடுக்கறேன்... ‘என் அக்கா அப்படிப்பட்டவங்க இல்லை’ன்னு... அதையும் குடுக்கறேன்... யாரா? யாரு செஞ்சிருப்பாங்கன்னா... எனக்கு எப்படிக்கா... உன் எழுத்தைத் தெரிஞ்சவங்களா?... உன் எழுத்து எல்லாருக்கும் தெரியுமே, முப்பத்தொரு பெட்டி இங்கே இருக்கு... சந்தேகமா? யாரு மேலயும்னு...”

கண் தானாகக் காற்புள்ளியின் பக்கம் போனது. காற்புள்ளி சிவப்புப் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு ஏதோ படிவத்தில் மூழ்கியிருந்தார். சாதுவான மனிதர். எல்லார் சீட்டும் அவர் கையைத் தாண்டித்தான் போகும். ஒரே ஒரு வார்த்தை போதும். இங்கே ஒருத்தர் இருக்கார்க்கா, அவருக்கு உன் மேல ஒரு இது, என்று இழுத்தால் மீதியை அக்காவே நிரப்பிக்கொள்வாள். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. தன்மேலேயே அருவருப்பு வந்து, அதை விழுங்கினார். விழுங்கிவிட்டு அதைவிடக் கேவலமான ஒன்றைச் சொன்னார்.

“அக்கா... கோவிச்சுக்காம கேளு... நீயே எழுதி மறந்திருக்கலாமே?... இல்லை, சொல்றேன்... ஒன்பதாயிரம் சீட்டு எழுதறே. எதுல எதை எழுதினோம்னு யாருக்குத்தான்... வேற புத்தகத்துல படிச்சதை இதுல படிச்சதா நினைச்சு... களைப்புல கை தானா எழுதியிருக்கும்... வயசும் ஆகுதில்ல... ஹலோ?... அக்கா?... இருக்கியா?”

இருந்தாள். பேசவில்லை, அவ்வளவுதான். கூடத்தில் டைப்ரைட்டர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. அக்கா இதற்குத் திட்டுவாள், உன் மூளைதான் மழுங்கிப்போச்சு என்று கத்துவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஹலோ... ஆ, சொல்லு... என்ன?... என்னக்கா சொல்றே?... சாவியையா? யாரு சாவியை எங்கே வெச்சே?... அது எல்லாருக்கும் நடக்கறதுதான்... வாடிக்கைக்காரர் பேரு மறந்தா?... ஒரு நாள் மறந்துபோயிருக்கும், அதுக்காக... அம்மாவுக்கா?... ஆமா, அம்மாவுக்கு அப்படித்தான் ஆரம்பிச்சுது... ஆனா அது வேறக்கா... நீ ஏன் அம்மாவோட... ஐயோ, அப்படியெல்லாம் இல்லை...”

அம்மா கடைசி நான்கு வருடம் பிள்ளைகளின் பெயரே தெரியாமல் இருந்து செத்துப்போனவள். தட்டில் சோற்றைப் போட்டால் இது யாருடையது என்று கேட்பாள். நாலு வருடமும் கூட இருந்து பார்த்துக்கொண்டது அக்கா. தம்பிக்காரர் பண்டிகைக்குப் போவதுபோல மாதத்துக்கு ஒருமுறை போய்வந்தார். அந்த வியாதி தனக்கும் வந்துவிடுமோ என்ற பயம் அக்காவுக்கு எத்தனை வருடமாக உள்ளே இருந்ததோ. இப்போது தம்பி சொன்ன ஒரு வார்த்தையில் அது வெளியே வந்துவிட்டது.

“டாக்டரா?... எந்த டாக்டர்?... அம்மாவைப் பாத்தவரா?... நாளைக்கா?... இல்லைக்கா, டாக்டர்கிட்ட எதுக்கு?... எழுதினதே ஞாபகம் இல்லைன்னா அவ்வளவுதான்னு யாரு சொன்னா?... கடையை வேற ஆளுகிட்ட விடறதா? ஏன் விடணும்?... மன்னிப்புக் கடுதாசியா? நீ எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?... வேண்டாம்... எழுதாதே... அக்கா, எழுதாதேன்னு சொல்றேன், பேனாவைக் கீழே வை!”

குரல் உயர்ந்துவிட்டது. டைப்பிஸ்ட் அம்மா விரலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தம்பிக்காரர் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். குட்டை வயர் அதற்குமேல் இடம் கொடுக்கவில்லை. போனோடு மேஜையே அவர் பக்கம் நகர்ந்துவிடும்போல இருந்தது.

ஐந்து மாதம் சுமந்தாயிற்று. ஒரு வாரம் மேடத்துக்கு முன்னால் நடித்தாயிற்று. வேலை போய்விடும் என்பது ஒரு பயம். இருபத்திரண்டு வருடம் பார்த்துப் பார்த்து எழுதின பக்கங்களில் தன் பெயர் இல்லாமல் போகும் என்பது இன்னொரு பயம். இரண்டையும் விட, அக்கா சொன்ன அந்த டாக்டர் பெயர்தான் அவரைப் பிடித்து உலுக்கியது. நல்ல மூளையை, அந்த ஊரிலேயே அவருக்குத் தெரிந்த மிகச் சுத்தமான மூளையை, கெட்டுப்போயிற்று என்று அதன் சொந்தக்காரியே நம்பும்படி பேசியாகிவிட்டது. இதைச் செய்கிற ஆளுக்கு என்ன பெயர் என்று ஒரு சீட்டுப் போட்டால், எந்தச் சாட்சியும் இல்லாமலே அது அகராதிக்குள் போய்விடும்.

கையை வாயருகே குவித்துக்கொண்டார்.

“அக்கா, கேளு. உனக்கு ஒண்ணும் இல்லை. அம்மாவுக்கு வந்த மாதிரி ஒண்ணும் வரலை... நீ எழுதலை. நீ மறக்கவும் இல்லை... எனக்கு எப்படித் தெரியும்னா... அந்தச் சீட்டை... நான்தான் எழுதினேன்.”

கிட்டத்தட்ட மூச்சுதான் வந்தது. சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

“...என்ன?... கேக்கலையா?... லைன்ல இரைச்சலா? இப்போ வரைக்கும் நல்லாத்தானே... சரி சரி... சொல்றேன்... நான்தான்னேன்... சீட்டு... எழுதினது... நான்... கேட்டுச்சா?... இல்லையா?... வேற காதுல வெச்சுப் பாரு.”

வயர் முறுக்கியிருக்கிறதா என்று பார்த்து நீவிவிட்டார். போனை ஒரு தட்டுத் தட்டினார். பேசுகிற பக்கத்தை வேட்டி முனையால் துடைத்தார்.

“ஹலோ... இப்போ?... இப்பவும் இல்லையா?... சத்தமாவா?... இதுக்கு மேல எப்படிக்கா, இங்கே ஆளுங்க இருக்காங்க... சாயங்காலம் நேர்ல வந்து சொல்றேனே. காலையில முதல் வண்டிக்கே வேணாலும்... இல்லை இல்லை, வைக்காதே! வைக்காதே!... டாக்டருக்குப் போறேங்காதே... சொல்றேன்... இரு... நான் எழுதினேன்க்கா அதை!”

இது பேச்சுக் குரலில் வந்தது. காற்புள்ளியின் பென்சில் நின்றது. பக்கத்து மேஜையில் பக்கம் புரட்டிக்கொண்டிருந்த கையும் பாதியில் நின்றது. காற்புள்ளியின் முகத்தில், மீதிப் பாதியை ஊகிக்க ஆரம்பித்த களை தெரிந்தது.

“என்னது?... நான் என்ன? நான் என்னன்னு கேக்கறியா?... எதைன்னு தெரியலையா?... அக்கா, என்னைக் கொல்லாதேக்கா... எல்லாம் விட்டுவிட்டுக் கேக்குதா?... முழுசாவா?... முழுசாச் சொல்லணுமா?...”

நிமிர்ந்தார். இவ்வளவு நேரமாகப் பாதி குனிந்து நின்ற முதுகு வலித்தது. வயர் இழுத்ததில் போன் மேஜை விளிம்புக்கு வந்துவிட்டது. டைப்பிஸ்ட் அம்மா அது விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். தம்பிக்காரர் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார். பிறகு, அந்தக் கூடத்தில் அதுவரை யாரும் கேட்டிராத குரலில் கத்தினார்.

“அந்தப் பே சீட்டை எழுதினது நான்! நீ இல்லை! உன் எழுத்து மாதிரி எழுதினேன்! உன் குறியை நான் போட்டேன்! பக்க எண்ணை என் இஷ்டத்துக்குப் போட்டேன்! அர்த்தம் நெசம்தான், சாட்சிதான் பொய்! அந்தப் பொய்யைச் சொன்னது நான்! உன்னோட ஒன்பதாயிரம் சீட்டுல ஒண்ணுகூடத் தப்புக் கிடையாது! உன் மூளைக்கு ஒரு கேடும் இல்லை! கேடு கெட்டவன் நான்தான்! போன வாரம் மேடம் கேட்டப்பவும் வாயை மூடிக்கிட்டு உன்னைக் காட்டிக் குடுத்தேன்!... போதுமா?... கேட்டுச்சா?...”

மூச்சு வாங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்க ஒரு கை இருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. ஐம்பது வயசு ஆள் நடுக்கூடத்தில் நின்று அழுவது நன்றாக இல்லைதான். ஆனால் அவருக்கு, அந்த ஒரு வாரத்தில் முதல்முறையாக, நெஞ்சுக்குள் காற்று சரியாகப் போய்வந்தது.

போனுக்குள் ‘ணங்’ என்று சின்னதாக ஒரு சத்தம். சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டியை அதன் இரும்புத் தாங்கிமேல் வைக்கிற சத்தம். அதற்கப்புறம் அக்கா மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு அவளுடைய மூச்சு. எல்லாம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல அவ்வளவு தெளிவாக வந்தது.

“அக்கா... உனக்குக் கேட்டுச்சா?... ம்... எது?... நான் முதல்ல மெதுவாச் சொன்னேனே, அதா?... அதுவே கேட்டுடுச்சா?... பின்ன எதுக்குக்கா என்னை இப்படி...”

கேட்டு முடிக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு கிறீச்சிட்டது. தம்பிக்காரர் மெதுவாகத் திரும்பினார்.

“...ம்... இருக்காங்க... டைப்பிஸ்ட் அம்மா, காற்புள்ளி, எல்லாரும்தான்... ஆமா, அவங்களும் வெளியே வந்து நிக்கிறாங்க... என்னைத்தான் பாக்கறாங்க... ம்... ஆமாக்கா... ஆமா... எல்லாருக்கும் கேட்டுச்சு.”

அக்கா போனை வைத்துவிட்டாள்.